போலிச் சரிகையும் போலிக் கடிதமும்

ஆரணிக்குப் பட்டுச் சேலை எடுக்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் ஒருவரைக் கவனியுங்கள். சேலையின் பளபளப்பைக் கண்டு அவர் மயங்கிவிட மாட்டார். முந்தானை ஓரத்தில் ஒரு சரிகை இழையை உருவுவார். நகத்தால் சுரண்டுவார். மேலே சுற்றியுள்ள தகடு விலகியதும், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் அது வெள்ளிச் சரிகை. செம்புக் கம்பி பல்லை இளித்தால் போலி.

நூலில் சந்தேகம் வந்தாலும் சோதனை இருக்கிறது. ஓர் இழையைப் பிய்த்து நெருப்பில் காட்டுவார்கள். தலைமயிர் கருகும் நாற்றம் அடித்து, சாம்பல் விரல் நுனியில் பொடியாக உதிர்ந்தால் பட்டு. உருகி, கெட்டியாக உருண்டுகொண்டால் அது வேறு சரக்கு.

அசலையும் போலியையும் பிரித்து அறிவதில் இவ்வளவு கைதேர்ந்த ஊர் ஆரணி. ஊரின் பெயருக்கே ஒரு விலை உண்டு. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆனால், அதே ஊரில், தறி ஓடும் அதே வீட்டுக்குள், இன்று வேறொரு போலிச் சரக்கு நுழையப் பார்க்கிறது. அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

அந்தச் சரக்கு, வீட்டுப் பையனின் செல்போனுக்கு வரும் ஒரு கடிதம்!

“உங்கள் விளையாட்டுக் கணக்கில் சந்தேகத்துக்கு இடமான நடமாட்டம் காணப்படுகிறது. 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். கீழே உள்ள பொத்தானைத் தொடவும்.”

மேலே கம்பெனியின் சின்னம். கீழே கம்பெனியின் பெயர். நடுவில் ஒரு பொத்தான். பார்ப்பதற்கு எல்லாம் அச்சு அசல். பையன் பதறுகிறான். பொத்தானைத் தொடுகிறான். கேட்ட இடத்தில் ரகசியச் சொல்லை எழுதுகிறான். காரியம் முடிந்தது. அவனுடைய காரியம் அல்ல, திருடனுடைய காரியம்!

விளையாட்டுதானே, போனால் போகட்டும்!

பெற்றோர் பலருக்கு இப்படித்தான் தோன்றும். “போய்த் தொலைந்தது நல்லதாயிற்று, இனியாவது புத்தகத்தை எடுப்பான்” என்றுகூடச் சொல்வார்கள். அவர்கள் அவசரப்படக் கூடாது. போவது விளையாட்டு மட்டும் அல்ல.

ஒரு நெசவாளர் வீட்டை எண்ணிப் பாருங்கள். தறியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் தார் சுற்றுகிறார். வீட்டில் உருப்படியான செல்போன் ஒன்றே ஒன்று. கூலி பாங்கியில் விழுந்தால் அதில்தான் செய்தி வரும். மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புவதும் அதில்தான். காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வதும், பாவு எப்போது கிடைக்கும் என்று முதலாளியைக் கேட்பதும் அதில்தான். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்து பள்ளிக்கூடம் மூடப்பட்டபோது, பாடமும் அதற்குள்ளேயே வந்து சேர்ந்தது. பாடத்துக்காகப் பையன் கையில் வந்த செல்போன், பாடம் முடிந்த பிறகும் அவன் கையிலேயே தங்கிவிட்டது. விளையாட்டும் உள்ளே வந்தது.

விளையாட்டுக் கணக்கைத் திறக்க ஓர் இமெயில் முகவரி வேண்டும். பையன் புதிதாக ஒன்றைத் திறப்பதில்லை. செல்போனில் ஏற்கெனவே இருக்கும் தகப்பனாரின் முகவரியைக் கொடுத்துவிடுகிறான். ரகசியச் சொல்லும் பெரும்பாலும் ஒன்றே. பத்து சொல்லை யார் நினைவில் வைத்துக்கொள்வது?

இங்கேதான் ஆபத்து. அந்த இமெயில் முகவரி வீட்டுச் சாவிக்கொத்தைப் போன்றது. போட்டோக்கள், தொலைபேசி எண்கள், மற்ற கணக்குகளின் ரகசியச் சொல்லை மாற்றும் கடிதங்கள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குத்தான் வருகின்றன. விளையாட்டுக் கணக்குக்கு என்று பையன் எழுதிக் கொடுத்த சொல் இமெயில் பெட்டிக்கும் பொருந்துமானால், திருடன் திண்ணையில் நிற்கவில்லை, நடு வீட்டுக்கே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

மாதம் 77,000 கணக்குகள்

“எங்கள் பையன் கணக்கில் அப்படி என்ன இருக்கிறது, யார் திருடப் போகிறார்கள்?” என்று கேட்பவர்களும் உண்டு.

இதற்கு அமெரிக்காவில் உள்ள வால்வ் கம்பெனி 2015 டிசம்பரில் பதில் சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ என்ற பெரிய சந்தையை நடத்தும் கம்பெனி அது. மாதம் ஒன்றுக்குச் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுவதாக அந்தக் கம்பெனியே வெளியிட்டது. பறிகொடுத்தவர்கள் ஏதோ விவரம் தெரியாதவர்கள் என்று எண்ண வேண்டாம். தேர்ந்த ஆட்டக்காரர்களும், விளையாட்டுப் பொருள்களை வாங்கி விற்கும் வியாபாரிகளும் அவர்களில் இருந்தார்கள்.

விளையாட்டில் என்ன பொருள்? துப்பாக்கிக்கு ஒரு வண்ண உறை. வீரனுக்கு ஓர் உடுப்பு. ‘ஃப்ரீ ஃபயர்’ ஆட்டத்தில் ‘வைரம்’ என்று ஒரு நாணயம். கையால் தொட முடியாத சரக்குதான். ஆனால் அதற்கு மெய்யான பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவன் இருக்கும் இடத்தில் திருடனும் இருப்பான். இது எந்தச் சந்தைக்கும் பொதுவான சட்டம்.

பொருளே இல்லாத கணக்கும் திருடனுக்கு உதவும். பையனின் பெயரில் அவனுடைய நண்பர்களுக்குக் கடிதம் போகும். “எங்கள் அணிக்கு ஒரு ஓட்டுப் போடு” என்று இருக்கும். அல்லது, “தவறுதலாக உன்மேல் புகார் கொடுத்துவிட்டேன். இவரிடம் பேசினால் சரி செய்வார்” என்று இருக்கும். முன்பின் தெரியாதவன் எழுதினால் சந்தேகப்படுகிறவன், கூட விளையாடும் நண்பன் எழுதினால் நம்பிவிடுகிறான். ஒரு கணக்கு விழுந்தால் பத்து கணக்கு விழுவது இப்படித்தான்.

தூண்டிலின் கதை

இந்தப் பித்தலாட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃபிஷிங்’ என்று பெயர். மீன் பிடிப்பதைக் குறிக்கும் சொல்லின் உச்சரிப்புதான். எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். 1990-களின் நடுவில், அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவை கொடி கட்டிப் பறந்த காலத்தில், அதன் ஊழியர்களைப் போல் நடித்துச் சந்தாதாரர்களின் ரகசியச் சொல்லைக் கறந்தவர்கள் ஆரம்பித்து வைத்த தொழில் இது.

விளையாட்டுக்காரர்கள் பக்கம் இந்தத் தூண்டில் திரும்ப வெகு நாள் ஆகவில்லை. 2004-ல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆட்டம் உலகெங்கும் லட்சக் கணக்கானவர்களை இழுத்தது. திருடர்களையும் இழுத்தது. கணக்குத் திருட்டைச் சமாளிக்க, நிமிடத்துக்கு நிமிடம் புது எண்ணைக் காட்டும் ஒரு சிறு கருவியையே பிளிசார்ட் கம்பெனி 2008-ல் விற்க ஆரம்பித்தது. விளையாட்டுக்குப் பூட்டு விற்க வேண்டிய காலம் வந்துவிட்டது!

2012 ஆகஸ்டில் அதே கம்பெனியின் உட்புறத்தில் திருடர் புகுந்து, ஆட்டக்காரர்களின் இமெயில் முகவரிகளை எடுத்துச் சென்றனர். அப்போது கம்பெனி விடுத்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும்: எங்கள் கடிதம் எதுவும் உங்கள் ரகசியச் சொல்லைக் கேட்காது, கேட்டால் அது போலி.

அதற்கு முந்திய ஆண்டில், 2011 ஏப்ரலில், சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டு வலையில் சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் அம்பலமாயின. இப்படிக் கொள்ளை போகும் பெயர்களும் முகவரிகளும்தான் தூண்டில் போடுகிறவனுக்கு மூலதனம். கடிதத்தில் உங்கள் பெயரும், நீங்கள் ஆடும் ஆட்டத்தின் பெயரும் சரியாக இருப்பதால் மட்டும் அது மெய்யான கடிதம் ஆகிவிடாது.

செய்தி எங்கே, தூண்டில் அங்கே

தூண்டில் போடுகிறவன் பத்திரிகை படிக்கிறவன். எந்த மீன் எப்போது பசியோடு இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நம் நாட்டில் சில ஆண்டுகளாக விளையாட்டுச் செய்திக்குப் பஞ்சமே இல்லை.

2020 செப்டம்பரில் ‘பப்ஜி மொபைல்’ ஆட்டத்தை மத்திய அரசாங்கம் தடை செய்தது. 2021 ஜூலையில் அதற்குப் பதிலாக ‘பி.ஜி.எம்.ஐ.’ வந்தது. 2022 பிப்ரவரியில் ‘ஃப்ரீ ஃபயர்’ தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ‘பி.ஜி.எம்.ஐ.’யும் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் அது திரும்பி வந்தது. ‘ஃப்ரீ ஃபயர்’ இந்தியாவுக்கென்று தனியாக 2023 செப்டம்பர் 5-ந் தேதி வரும் என்றார்கள். கிரிக்கெட் வீரர் தோனியின் பெயரும் அடிபட்டது. கடைசி நேரத்தில் தள்ளி வைத்துவிட்டார்கள்.

இப்படிக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தால், வெளியே காத்திருக்கும் சிறுவன் என்ன செய்வான்? “தடை நீங்கிவிட்டது, முதலில் வருவோருக்கு இலவச வைரம்” என்று ஒரு கடிதம் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பானா? கதவு திறந்ததா என்றுதான் பார்ப்பான். திருடனுக்கு வேண்டியதும் அதுதான்.

பெரியவர்களும் இதில் தப்பியவர்கள் அல்ல. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் நிறைவேறியது. ஆகஸ்ட் 22-ந் தேதி ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்தது. பெரிய கம்பெனிகள் பணப் போட்டிகளை நிறுத்தின. ஆட்டக்காரர்களின் கணக்கில் இருந்த பாக்கிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தன. ஆயிரமோ இரண்டாயிரமோ உள்ளே கிடக்கும் மனிதனுக்கு, “உங்கள் பாக்கியைத் திரும்பப் பெற இங்கே தொடவும்” என்ற கடிதத்தைவிட இனிப்பான கடிதம் வேறு உண்டா? மெய்யான அறிவிப்புக்குப் பின்னால் போலி அறிவிப்பு நடந்து வருவது எளிது. ஆகவே, ஆட்டத்தைப் பற்றிப் பெரிய செய்தி வரும் வாரத்தில் ஆட்டக் கடிதத்தை இரட்டிப்புச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

கடிதத்தைச் சுரண்டிப் பார்ப்பது எப்படி?

சரிகைக்கு இருப்பது போலக் கடிதத்துக்கும் சோதனைகள் உண்டு. கடினமானவை அல்ல. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஐந்தே நிமிடத்தில் கற்றுக்கொண்டு, தகப்பனாருக்கும் சொல்லித் தரலாம்.

முதல் சோதனை, தபால் முத்திரை. உறையின் மேல் ‘அனுப்புநர்’ என்று யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதலாம். இமெயிலிலும் அப்படியே. மேலே தெரியும் பெயரை நம்பாதீர்கள். பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி விரியும். அதில் ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பது என்ன? பல கோடி ரூபாய் வியாபாரம் செய்யும் கம்பெனி, எவரும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஜிமெயில் முகவரியிலிருந்து எழுதுமா? ஆனால் ஓர் எச்சரிக்கை. அனுப்புகிற முகவரியையே போலியாகக் காட்டும் வித்தையும் உண்டு. எனவே, இந்தச் சோதனையில் தோற்ற கடிதம் நிச்சயம் போலி. தேறிய கடிதம் அசல் என்று மட்டும் சொல்ல முடியாது.

இரண்டாவது சோதனை, போகும் ஊர். பொத்தானை உடனே தொடாமல் விரலைச் சற்று அழுத்தியே வைத்திருந்தால், அது எங்கே கொண்டுபோகும் என்ற முகவரி தெரியும். இணைய முகவரியில் ஊர்ப் பெயர் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டில் நில்லுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். ‘டாட் காம்’ என்று இருந்தால் அதற்கு முந்திய சொல்தான் உரிமையாளரின் பெயர். ‘கோ டாட் இன்’ என்று இரட்டை வால் இருந்தால், அந்த வாலுக்கு முந்திய சொல்.

உதாரணமாக, ஸ்டீம் சந்தையின் சொந்த முகவரி ‘ஸ்டீம்பவர்டு டாட் காம்’. கடிதத்தில் ‘ஸ்டீம்பவர்டு டாட் காம் டாட் பரிசுமையம் டாட் நெட்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவசரத்தில் படிப்பவன் முதல் பாதியைப் பார்த்துத் தலையாட்டிவிடுவான். பின்னோக்கிப் படிப்பவன் பிடித்துவிடுவான். அந்த இடத்தின் சொந்தக்காரர் ஸ்டீம் அல்ல, ‘பரிசுமையம்’ என்று பலகை மாட்டியிருக்கும் எவனோ!

மூன்றாவது சோதனை, எழுத்து. ஆங்கிலத்தில் ‘ஆர்’ எழுத்தையும் ‘என்’ எழுத்தையும் சிறிய வடிவில் ஒட்டி எழுதினால் ‘எம்’ போலத் தெரியும். ‘ஓ’ எழுத்துக்குப் பதில் சைபர் போடலாம். ‘எல்’ எழுத்துக்குப் பதில் ஒன்று போடலாம். ரஷ்ய எழுத்தில் உள்ள ‘ஏ’ ஆங்கில ‘ஏ’யின் இரட்டைப் பிள்ளை. கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. ஆகையால் வந்த முகவரியைத் தொடுவதைவிட, தெரிந்த முகவரியை நாமே தட்டுவது மேல்.

நான்காவது சோதனை, அவசரம். “24 மணி நேரத்துக்குள்”, “உடனே”, “இதுவே கடைசி எச்சரிக்கை” என்று கடிதம் ஏன் விரட்டுகிறது? யோசிக்க நேரம் கொடுத்தால் நாம் யாரையாவது கேட்டுவிடுவோம் அல்லவா? பயமும் ஆசையும்தான் இந்தத் தொழிலின் இரண்டு கைகள். ஒன்று “கணக்கு போய்விடும்” என்று மிரட்டும். மற்றது “வைரம் இலவசம்” என்று அழைக்கும். இரண்டில் எது நீண்டாலும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை. கடிதத்தை அப்படியே மூடிவிடுங்கள். விளையாட்டை எப்போதும் திறப்பது போல நீங்களே திறந்து பாருங்கள். மெய்யாகவே கணக்கில் தகராறு இருந்தால், அநேகமாக அங்கேயே அறிவிப்பு காத்திருக்கும். சந்தேகம் தீராவிட்டால், கம்பெனியின் உதவிப் பக்கத்துக்கு நீங்களே போய்க் கேளுங்கள். கடைக்காரர் பணம் கேட்டு ஆள் அனுப்பினார் என்றால், நாமே கடைக்கு நடந்து போய் விசாரிப்பதில்லையா? அதே காரியம்தான்.

பழைய அடையாளங்கள் பலிக்கா

முன்பெல்லாம் போலிக் கடிதத்தை எழுத்துப் பிழையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்வார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. செயற்கை அறிவு எந்திரங்கள் நொடியில் பிழையில்லாத ஆங்கிலம் எழுதுகின்றன. தமிழும் எழுதுகின்றன. பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள். பிழை இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் பத்திரம் என்றும் பலர் நினைக்கிறார்கள். நீங்கள் எழுதுவதை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம். எழுதி அனுப்புவது திருடனுக்கே என்றால், வழியில் யார் படிக்காமல் இருந்து என்ன பயன்?

2022-ல் இன்னொரு வித்தை வெளிச்சத்துக்கு வந்தது. ஸ்டீம் கணக்கு வைத்திருப்பவர்களைக் குறிவைத்த சில போலிப் பக்கங்கள், அந்தப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு ஜன்னலைப் படமாக வரைந்து காட்டின. ஜன்னலின் மேல் சரியான முகவரி, பச்சைப் பூட்டு, எல்லாம் உண்டு. ஆனால் எல்லாம் சித்திரம்! கம்ப்யூட்டரில் அந்த ஜன்னலைப் பிடித்துப் பக்கத்துக்கு வெளியே இழுத்தால் வராது. மெய்யான ஜன்னல் என்றால் வரும். ரகசியச் சொற்களைத் தானே நினைவில் வைத்து நிரப்பும் ஏற்பாடு உங்கள் கருவியில் இருந்தால், அதுவும் நல்ல காவலாளி. வழக்கமாக நிரப்பும் சொல்லை ஒரு பக்கத்தில் நிரப்ப மறுத்தால், காரணம் கேளுங்கள். மனிதன் கண் ஏமாறும் இடத்தில் அது எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறது.

கணக்குக்கு இரட்டைப் பூட்டுப் போடுவது அவசியம். ரகசியச் சொல்லோடு, செல்போனில் வரும் எண்ணையும் கேட்கும்படி செய்வதைத்தான் இரட்டைப் பூட்டு என்கிறோம். ஆனால் அதுவும் சஞ்சீவி மருந்து அல்ல. போலிப் பக்கம் அந்த எண்ணையும் கேட்கும். நாம் எழுதிய மறு நொடியே திருடன் அதை மெய்யான இடத்தில் போட்டு உள்ளே போய்விடுவான். எனவே எண் வந்தால், “இதை நான் கேட்டேனா? எங்கே எழுதப் போகிறேன்?” என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டிக்கொண்டால்?

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சறுக்கக் கூடும். ஆனைக்கும் அடி சறுக்கும். அப்போது அழுதுகொண்டு நிற்காமல் வரிசையாகக் காரியம் பார்க்க வேண்டும்.

முதலில் இமெயில் பெட்டியின் ரகசியச் சொல்லை மாற்றுங்கள். விளையாட்டுக் கணக்கு அடுத்தபடிதான். வீட்டு வாசல் திறந்து கிடக்கும்போது அலமாரியைப் பூட்டிப் பயன் இல்லை. ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்று ஒரு ஏற்பாடு இருக்கும். அதைப் பயன்படுத்துங்கள். கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண்ணைத் திருடன் மாற்றியிருக்கிறானா, உங்களுக்கு வரும் கடிதங்கள் வேறு எங்காவது திருப்பி விடப்படுகின்றனவா என்று பாருங்கள். அதே ரகசியச் சொல்லை வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கும் மாற்றுங்கள். பிறகு விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதுங்கள். பணம் கொடுத்துப் பொருள் வாங்கிய ரசீது இருந்தால், கணக்கு உங்களுடையது என்பதற்கு அது நல்ல சாட்சி.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் நடுவழியில் நிறுத்திவைக்க முயல்வதற்காகவே ஏற்பட்ட எண் அது. மத்திய அரசாங்கத்தின் சைபர் குற்றப் புகார் இணையத்தளத்திலும் எழுதலாம். பாங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்துவிட்ட சந்தர்ப்பத்தில், புகார் செய்யும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவரைச் சேரும்; புகார் செய்த பிறகு ஏற்படும் நஷ்டம் பாங்கியைச் சேரும் என்று ரிசர்வ் பாங்கி 2017-ல் விதி வகுத்தது. அதாவது, வாய் திறக்கும் நேரத்துக்கு விலை இருக்கிறது.

சட்டமும் சும்மா இல்லை. பிறருடைய ரகசியச் சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதும், கம்ப்யூட்டர் வழியாக ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகளின்படி குற்றங்கள். மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால் திருடன் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறானோ! பிடித்துத் தண்டிப்பது போலீசாரின் வேலை. பிடி கொடுக்காமல் இருப்பது நம் வேலை.

திருடனின் கூட்டாளி

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ரகசியச் சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று பையனுக்குப் பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடும். மறுபடி விளையாடப் போனால் கதவு திறக்காது. அந்த நேரத்தில் அவன் தகப்பனாரிடம் ஓடி வந்து சொல்வானா?

“விளையாடாதே என்று சொன்னேனே, கேட்டாயா?” என்று முதுகில் நாலு வைக்கும் வீடாக இருந்தால் சொல்லமாட்டான். செல்போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தாலும் சொல்லமாட்டான். தானே சரிசெய்யப் பார்ப்பான். “கணக்கை மீட்டுத் தருகிறேன், ஐநூறு ரூபாய் அனுப்பு” என்று இன்னொருவன் வருவான். அவனும் திருடனின் ஆளாகவே இருக்கலாம். வீட்டில் எவருக்கும் தெரியாமல் அந்த ஐநூறும் போகும். அதற்குள் இமெயில் பெட்டியும் போகும். பையனின் பயமே திருடனுக்குக் கூட்டாளி ஆகிவிடுகிறது.

இந்த மோசடியில் பெரும் சேதம், பொத்தானைத் தொட்ட நொடியில் ஏற்படுவதில்லை. தொட்டதை மறைத்து வைத்திருக்கும் மணி நேரங்களில்தான் ஏற்படுகிறது. ஆகவே, பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குறுதி கொடுக்க வேண்டும். “தப்பு நடந்துவிட்டால் முதலில் எங்களிடம் சொல். அதற்காக உன்னை அடிக்கமாட்டோம்.” இந்த ஒரு வாக்கு, கடையில் விற்கும் எந்தப் பாதுகாப்புச் சாதனத்தைவிடவும் பலமானது. அதற்குக் காசும் செலவில்லை.

ஆரணித் தறிக்காரர்களுக்கு இதை வேறு ஒருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. நெய்துகொண்டிருக்கும்போது பாவில் ஓர் இழை அறுந்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? தறியை நிறுத்துகிறார்கள். அறுந்த இழையைத் தேடிப் பிடித்துப் பிணைக்கிறார்கள். பிறகுதான் நாடா மறுபடி ஓடும். அறுந்ததை மறைத்துக்கொண்டு நெய்தால், அந்தக் குறை சேலை முழுக்க ஓடும். பாவு அறுந்ததற்காக எவரும் தறியை உடைப்பதில்லை.

வீட்டிலும் அதே நியாயம் இருக்கட்டும். இன்று மாலை தறி ஓய்ந்த பிறகு, செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு பையனும் தகப்பனாரும் உட்காரலாம். கடைசியாக வந்த விளையாட்டுக் கடிதம் ஒன்றை எடுத்து, சரிகையைச் சுரண்டுவது போல இருவருமாகச் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே சிவப்பு நூல் இருக்கிறதா, செம்புக் கம்பி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்!